எண்ணத் தெரியாமல் ஓராண்டு ஆடியவனும் ஒரு மூங்கில் பலகையும்

இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள மூங்கில் பலகை ஒன்று, சீனத்தின் யுன்னான் மாநிலத்தில் உருவான யுன்ஸி வகைக் கற்கள், அவற்றைப் போட்டுவைக்க மூடியுடன் கூடிய இரண்டு கிண்ணங்கள் ஆகியவை அடங்கிய ஒரு கோ ஆட்டப் பெட்டியை எட்டு மாதங்களுக்கு முன் இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். பலகையின் ஒரு பக்கத்தில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது கோடுகளும், மறுபக்கத்தில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கோடுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ இதே அமைப்பில் பல கடைகள் பல பெயர்களில் பெட்டிகளை விற்பதால், கடையின் பெயரைக் காட்டிலும் பொருளின் தன்மையைச் சொல்வதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன். இதை வாங்குவதற்கு முன் ஓராண்டு காலம் திரையில் மட்டுமே இந்த ஆட்டத்தை ஆடிவந்தேன். ஆகவே இந்த மதிப்புரை, பலகையே கண்டிராத ஒருவர் எழுதுவதும் அன்று, தேர்ந்த ஆட்டக்காரர் எழுதுவதும் அன்று. இன்னும் தொடக்கநிலையைத் தாண்டாத ஒருவர் எழுதுவது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சில செய்திகள். சீனத்தில் வெய்சி, கொரியாவில் பாடுக், ஜப்பானில் இகோ என்று வழங்கும் இந்த ஆட்டத்தில் கறுப்புக் கல்லுக்கு உரியவரும் வெள்ளைக் கல்லுக்கு உரியவரும் மாறி மாறி ஒவ்வொரு கல்லாகக் கோடுகள் சந்திக்கும் புள்ளிகளில் வைக்கின்றனர். வைத்த கல் நகர்வதில்லை. ஒரு கல்லை ஒட்டிக் கோட்டின் வழியே காலியாக இருக்கும் புள்ளிகளைச் சீனர்கள் அதன் மூச்சு என்கிறார்கள்; மூச்சு முழுவதும் அடைபட்ட கல்லோ கற்கூட்டமோ பலகையிலிருந்து எடுக்கப்படும். நம் ஆடு புலி ஆட்டத்தில் புலியை அசையவிடாமல் அடைத்துப் பழகியவர்களுக்கு இந்த நெருக்குதலின் சுவை புதிதாக இராது. ஆனால் இங்கே பிடிப்பது நோக்கமன்று, இடத்தை வளைத்துக்கொள்வதே நோக்கம். இந்த ஒரு வேறுபாட்டை உணர எனக்கு மூன்று மாதங்கள் ஆயின.

தமிழில் எழுதும்போது ஒரு சங்கடமும் உண்டு. ஆட்டத்தின் பெயரும் கோ; ஒரே கல்லை இருவரும் முடிவின்றி மாறி மாறிப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தடுக்கும் விதியின் பெயரும் நம் எழுத்தில் கோ என்றே அமைகிறது. ஜப்பானியச் சொற்கள் இரண்டும் ஒலியில் வேறானவை. இரண்டாவது சொல்லைக் குறிக்கும் சீன எழுத்து, பௌத்த நூல்கள் வழியாகச் சென்ற கல்பம் என்ற வடசொல்லைக் குறிக்க ஆளப்பட்டது. முடிவில்லாத காலம் என்ற பொருள் அந்த விதிக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை, ஒரு கல்லுக்காகப் பதினைந்து நிமிடம் போராடியவர்கள் அறிவார்கள். இங்கே நான் கோ என்று எழுதும் இடமெல்லாம் ஆட்டத்தையே குறிக்கும்.

திரையில் நான் ஆடியது ஆன்லைன் கோ சர்வர் என்ற இணையத்தளத்தில். உலாவியிலேயே இயங்குவதும், கட்டணமின்றி ஆட முடிவதும், ஒரு நகர்வுக்குச் சில நாள்கள் வரை அவகாசம் தரும் ஆட்டங்களையும் உடனுக்குடன் முடியும் ஆட்டங்களையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதும் அதன் பெருமைகள். புதியவர்களுக்கு அடிப்படைப் பாடங்களும் புதிர்களும் அங்கே இருக்கின்றன. முதல் ஆட்டங்களை ஒன்பதுக்கு ஒன்பது பலகையில் ஆடுமாறு அனுபவமுள்ளவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நூறு ஆட்டங்களை எவ்வளவு விரைவாகத் தோற்க முடியுமோ அவ்வளவு விரைவாகத் தோற்றுவிடு என்ற பழைய அறிவுரையையும் சேர்த்தே சொல்வார்கள். நான் அந்த அறிவுரையை மிகுந்த பணிவுடன் நிறைவேற்றினேன். எதிராளியின் கல் ஒன்றுக்கு ஒரே ஒரு மூச்சு மிஞ்சியிருக்கும் நிலைக்கு அடாரி என்று பெயர். அந்த நிலையைக் கண்டவுடன் கை துடிக்கும். ஒரு கல்லைத் துரத்தித் துரத்திப் பலகையின் குறுக்கே படிக்கட்டு போலக் கொண்டுசெல்வேன். எதிர்மூலையில் எதிராளியின் கல் ஒன்று ஏற்கெனவே காத்திருக்கும். துரத்தியவனின் கற்கள் அத்தனையும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். ஏணி எனப்படும் இந்த நகர்வு வரிசையை வைக்கும் முன்பே மனத்துக்குள் இறுதி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதை இருபது முறை சிக்கிய பிறகுதான் கற்றேன்.

தொடக்கநிலை ஆட்டக்காரர்களின் தரம் கியூ என்ற அளவால் குறிக்கப்படுகிறது. எண் குறையக் குறையத் திறன் கூடுகிறது என்று பொருள். முதல் கியூவைத் தாண்டினால் டான் தரங்கள் தொடங்கும். ஓராண்டில் இருபத்தைந்தை ஒட்டிய கியூவிலிருந்து பதினேழுக்கு வந்திருந்தேன். இரண்டு தனித்தனிக் கண்கள், அதாவது தனக்குள் வளைத்துவைத்த காலி இடங்கள், உள்ள கற்கூட்டத்தை யாராலும் பிடிக்க முடியாது என்பது தெரிந்திருந்தது. மூலையில் முதலில், அடுத்து ஓரத்தில், இறுதியில் நடுவில் என்று இடம் பிடிக்கும் வரிசையின் காரணமும் ஓரளவு புரிந்திருந்தது. மூலையில் பலகையின் இரு விளிம்புகளும் வேலியாக நிற்பதால் குறைந்த கற்களைக் கொண்டே இடத்தை வளைத்துவிடலாம். இத்தனை தெரிந்த ஒருவனுக்கு ஆட்டம் எப்போது முடிகிறது என்பது தெரியாமல் இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

பெட்டி வந்த அன்று மாலை, பதினொரு வயதுள்ள என் மகளுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்து, பதின்மூன்று கோட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில் ஒன்பதுக்கு ஒன்பது கட்டம் மட்டும் தெரியும்படி மற்ற இடத்தைக் காகிதத்தால் மூடி, அவளுக்குக் கறுப்பைக் கொடுத்து ஆடத் தொடங்கினேன். அரை மணி நேரத்தில் இருவருக்குமே வைக்க இடமில்லாதது போல் தோன்றியது. அவள் வளைத்திருந்த மூலைக்குள் என் வெள்ளைக் கற்கள் நான்கு கிடந்தன.

“முடிஞ்சிடுச்சாப்பா?” என்று கேட்டாள்.

முடிந்துவிட்டது என்றேன். அப்படியானால் இந்த நான்கு கற்களும் உயிரோடு இருக்கின்றனவா, செத்துவிட்டனவா என்று அடுத்த கேள்வி வந்தது. எப்படி ஆடினாலும் தப்ப முடியாதவை, அதாவது செத்தவை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அதை மெய்ப்பித்துக் காட்டச் சொன்னபோது என்னால் முடியவில்லை. நீயே சுற்றி அடைத்துப் பிடித்துக் காட்டு என்றேன். “என் இடத்தை நானே எதுக்கு அடைக்கணும்? ஒவ்வொண்ணுக்கும் எனக்கு ஒரு பாயிண்ட் போகுமே” என்றாள். ஜப்பானிய முறையில் எண்ணும் விதியைத்தான் சற்று முன் அவளுக்குச் சொல்லியிருந்தேன் என்பதால் அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஓராண்டில் சில நூறு ஆட்டங்கள் ஆடியவனுக்கும் அரை மணி நேரத்துக்கு முன் விதிகளைக் கேட்டவளுக்கும் இந்த ஒரு விஷயத்தில் அறிவு சமமாக இருந்தது.

திரையில் இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. இருவரும் அடுத்தடுத்துத் தம் முறையைக் கைவிட்டவுடன் நிரலே செத்த கற்களைக் குறித்துக்காட்டி, இடங்களை எண்ணி, வென்றவர் யார் என்று அறிவிக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொத்தானை அழுத்துவது மட்டுமே நம் வேலை. ஏற்காமல் மறுத்துத் திருத்தவும், ஆட்டத்தைத் தொடரவும் அங்கே வழி இருக்கிறது. நான் அதைப் பயன்படுத்தியதில்லை. இது அந்தத் தளத்தின் குறையன்று. கணிப்பொறி வாய்ப்பாடு சொல்லும் இடத்தில் யாரும் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யாதது போல, நானும் செய்யவில்லை.

அன்றிரவு இரண்டு எண்ணும் முறைகளையும் பொறுமையாகப் படித்தேன். ஜப்பானிய முறையில் நாம் வளைத்த காலிப் புள்ளிகளையும், பிடித்த கற்களையும் மட்டும் எண்ணுகிறோம். ஆகையால் நம் எல்லைக்குள் நாமே தேவையின்றிக் கல் வைத்தால் ஒரு புள்ளி குறையும். சீன முறையில் காலிப் புள்ளிகளோடு பலகையில் நிற்கும் நம் கற்களையும் சேர்த்து எண்ணுவதால், நம் இடத்துக்குள் கல் வைத்தாலும் நட்டம் இல்லை. காலிப் புள்ளி கல்லாக மாறுகிறது, அவ்வளவே. பிடித்த கற்கள் கணக்கிலேயே வருவதில்லை. இரு முறைகளிலும் முடிவு பெரும்பாலும் ஒன்றாகவோ ஒரு புள்ளி வேறுபாட்டுடனோதான் அமையும். ஆனால் இரண்டு தொடக்கநிலையாளர்கள் எதிரெதிரே அமர்ந்திருக்கும்போது சீன முறைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஐயம் வந்தால், ஆடியே தீர்த்துக்கொள்ளலாம். செத்தது என்று நினைப்பவர் பிடித்துக் காட்டட்டும். உயிருள்ளது என்று நினைப்பவர் காப்பாற்றிக் காட்டட்டும். யாருக்கும் புள்ளி இழப்பு இல்லை. கோமி எனப்படும் ஈட்டுப் புள்ளிகள் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால், ஒன்பதுக்கு ஒன்பது பலகையின் 81 புள்ளிகளில் 41 பெற்றவர் வென்றவர். ஒரு நிறத்தை மட்டும் எண்ணினால் போதும். முதலில் ஆடும் கறுப்புக்கு இருக்கும் சாதகத்தை ஈடுசெய்ய வெள்ளைக்குத் தரும் கோமி ஜப்பானில் 6.5, சீனத்தில் 7.5 என்பதும், அரைப் புள்ளி வைத்திருப்பது சமநிலையைத் தவிர்ப்பதற்கே என்பதும் அப்போதுதான் எனக்கு வெறும் எண்களாக அல்லாமல் விளங்கின. புதியவருக்குக் கற்றுத்தர நினைப்பவர்கள் சீன முறையிலேயே தொடங்குவது நல்லது.

மறுநாளிலிருந்து எங்கள் ஆட்டங்கள் இரண்டு பகுதிகளாயின. ஆட்டம் ஒரு பகுதி. ஐயத்துக்குரிய கற்களை ஆடிப் பார்ப்பது மறுபகுதி. இரண்டாவது பகுதி சில நாள் முதல் பகுதியைவிட நீண்டது. வளைத்த இடம் நேர்வரிசையில் மூன்று புள்ளிகளாக இருந்தால் நடுப்புள்ளியை முதலில் எடுப்பவர் கைக்கே முடிவு போகிறது என்பதையும், நேர்வரிசையில் நான்கு என்றால் யார் முதலில் வைத்தாலும் அது பிழைத்துக்கொள்கிறது என்பதையும், சதுரமாக நான்கு என்றால் பிழைக்க வழியில்லை என்பதையும் நான் திரையில் புதிர்களாகப் பலமுறை பார்த்திருந்தேன். பார்த்த மறுவாரம் மறந்தும் இருந்தேன். மகள் ஒவ்வொரு முறையும் நம்ப மறுத்து, வைத்துக்காட்டச் சொல்லி, பின் கற்களை எடுத்துவிட்டுத் தன் வழியில் மறுபடி வைத்துப் பார்த்ததில் அவை எனக்கு நிலைத்துவிட்டன. நம்ப மறுக்கும் ஒருவர் எதிரே இருந்தால்தான் எனக்குப் பாடம் ஏறுகிறது போலும்.

இந்த இடத்தில் கற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுன்ஸிக் கற்களில் மரபான வகை ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் இருக்கும். ஜப்பானியக் கற்கள் இரு பக்கமும் குவிந்தவை; உயர்ந்த வகையில் வெள்ளைக் கல் சிப்பி ஓட்டிலிருந்தும், கறுப்புக் கல் மியே மாநிலத்தின் நாச்சிகுரோ என்னும் கறுநிறப் பாறையிலிருந்தும் செதுக்கப்படுகிறது. அந்த வகையின் விலையைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பக்கத்தை மூடிவிட்டேன். தட்டைக் கல்லுக்குத் தொடக்கநிலையாளரைப் பொறுத்தவரை இரண்டு நன்மைகள் உண்டு. சட்டை நுனி பட்டால் ஆடி நகர்வதில்லை என்பது ஒன்று. மற்றது இன்னும் முக்கியமானது: ஆட்டத்தை இடையில் நிறுத்தி, இங்கே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆராயும்போது, ஆராய்ச்சிக் கற்களைத் தலைகீழாக, தட்டைப் பக்கம் மேலே தெரியும்படி வைக்கலாம். ஆராய்ந்து முடித்ததும் அவற்றை மட்டும் எடுத்துவிட்டால் ஆட்டம் விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். ஆடிப் பார்த்துத் தீர்க்கும் எங்கள் வழக்கத்துக்கு இதுவே அடிப்படை; இரு பக்கமும் குவிந்த கற்களாக இருந்திருந்தால் இரண்டாவது ஆராய்ச்சியிலேயே எது மெய், எது பொய் என்று குழம்பியிருப்போம். கறுப்புக் கல்லை வெளிச்சத்தின் எதிரே பிடித்தால் ஓரத்தில் பச்சை ஒளிர்வதும் யுன்ஸிக்கு உரிய அடையாளம். என் பெட்டியில் உள்ளவை ஒளிர்கின்றன. இதற்கும் ஆட்டத்துக்கும் தொடர்பில்லை என்றாலும், விருந்தினர் வந்தால் நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

பலகையைப் பற்றி ஒரு குழப்பம் எழுந்தது. பிரித்த அன்று அளவுகோல் வைத்துப் பார்த்த மகள், கட்டங்கள் சதுரமாக இல்லை, தவறாகச் செய்துவிட்டார்கள் என்றாள். தவறன்று. மரபான ஜப்பானியப் பலகையில் கட்டத்தின் அகலம் 22 மில்லிமீட்டர் என்றால் நீளம் ஏறக்குறைய 23.7 மில்லிமீட்டர் இருக்கும். அமர்ந்த நிலையில் சாய்கோணத்தில் பார்க்கும்போது நீளம் சுருங்கித் தெரிவதால், கண்ணுக்குச் சதுரமாகப் படவேண்டும் என்பதற்காக இப்படி அமைக்கிறார்கள். ஆடுபவர்கள் குறுகிய பக்கங்களில் அமர வேண்டும். நாங்கள் முதல் வாரம் முழுவதும் பலகையைக் குறுக்காக வைத்து, கட்டங்கள் இன்னும் சப்பையாகத் தெரிய ஆடியிருக்கிறோம். வெள்ளை நிறம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் என்பதால் ஜப்பானியர்கள் வெள்ளைக் கல்லைக் கறுப்பைவிட இம்மியளவு சிறிதாகச் செய்வார்கள். என் பெட்டியில் அந்த நுணுக்கம் இல்லை, அதன் இன்மையை நான் உணரவும் இல்லை. மூங்கில் கடினமாக இருப்பதால் கல் வைக்கும் ஓசை கூர்மையாக எழுகிறது. ஆள்காட்டி விரலின் நகத்துக்கும் நடுவிரலின் உட்புறத்துக்கும் இடையே கல்லைப் பிடித்து வைக்கும் முறை கைக்கு வர எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. மகளுக்கு ஒரு மாலை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கிண்ணங்களில் ஒன்றின் மூடி விரிசலுடன் வந்தது. கறுப்புக் கற்கள் 181, வெள்ளைக் கற்கள் 180 இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையில் இரண்டு குறைந்தன. கடைக்கு இரண்டு முறை எழுதியும் மூடி வந்து சேரவில்லை; ஓர் ஆட்டத்தில் அத்தனை கற்களும் தீர்ந்துபோவது அரிது என்பதால் கற்களைப் பற்றி மூன்றாம் முறை எழுதவில்லை. மூடி இல்லாதது நினைத்ததைவிட இடைஞ்சலாக இருந்தது. பிடித்த கற்களை எதிராளி பார்க்கும்படி மூடியில் போட்டுவைப்பது வழக்கம். ஜப்பானிய முறையில் எண்ணினால் அவை கணக்கில் சேரும். ஒரு பருப்புக் கிண்ணத்தின் எவர்சில்வர் மூடி இப்போது அந்த வேலையைச் செய்கிறது. பலகையின் மீது பூசியிருந்த மெருகின் நெடி போக ஒரு வாரம் வெளியில் வைக்க வேண்டியிருந்தது. கற்கள் மட்டுமே இரண்டு கிலோவைத் தாண்டும் என்பதால் நண்பர் வீட்டுக்கு எடுத்துச் சென்று ஆடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பத்தொன்பது கோட்டுப் பக்கத்தை இந்த எட்டு மாதங்களில் ஏழு முறை மட்டுமே பயன்படுத்தினோம். அதில் 361 புள்ளிகள். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. பள்ளி நாளில் அது நடவாது. பெட்டியின் படத்தில் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான், விலையைக் கூட்டுவதும் அந்தப் பக்கத்துக்கு வேண்டிய கற்கள்தாம். பயன்பட்டதோ மறுபக்கம். முதல் முறையாக வாங்குபவர்கள் ஒன்பதும் பதின்மூன்றும் இரு பக்கங்களில் அமைந்த சிறிய பலகையும் அதற்கு வேண்டிய அளவு கற்களும் கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது. அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் பதின்மூன்று கோட்டு மறுபக்கம் இல்லாத பெட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். மடக்கும் பலகைகளில் நடுவே வரும் கீல் ஒரு கோட்டின் மேலேயோ அருகிலேயோ அமைந்துவிடும் என்பதையும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரையை நான் விட்டுவிடவில்லை. 2016 மார்ச்சில் சோல் நகரில் கொரிய வல்லுநர் லீ செடோலை ஆல்பாகோ என்ற கணிப்பொறி நிரல் 4-1 என வென்ற பிறகு இத்துறையில் நிகழ்ந்த மாற்றங்களால், அன்றைய வல்லுநர்களுக்கும் கிட்டாத பகுப்பாய்வு இன்று எந்த வீட்டிலும் கிடைக்கிறது. கட்டாகோ என்ற திறந்தமூல நிரலை யாரும் இறக்கிப் பயன்படுத்தலாம். என் ஆட்டத்தின் நாற்பதாவது கல்லில் பன்னிரண்டு புள்ளிகளை இழந்தேன் என்று அது நொடியில் சொல்லிவிடுகிறது. ஏன் இழந்தேன் என்பதை அது சொல்வதில்லை. அது தவறென்று காட்டும் நகர்வை மூங்கில் பலகையில் வைத்து, மகளிடம் “இதுல என்ன தப்பு?” என்று கேட்டு, அவள் என் கற்களின் தொடர்பை வெட்டுவதற்கு ஏற்ற இடத்தைச் சுட்டிக்காட்டும் வரை காத்திருப்பது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகிவிட்டது. அவளுக்கும் தெரியாத நாள்கள் உண்டு. அப்போது பலகையை அப்படியே மூடிவைத்துவிடுகிறோம்.

தரத்தில் இப்போது பதினான்காவது கியூவை ஒட்டி நிற்கிறேன். மூன்று படிகள் ஏறியதற்கு இந்தப் பெட்டியே காரணம் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. எட்டு மாதம் திரையில் ஆடியிருந்தாலும் ஏறியிருக்கலாம். ஆனால் ஓர் ஆட்டத்தின் நடுவில் நிறுத்தி, பலகையைப் பார்த்து, யார் எத்தனை புள்ளி முன்னால் இருக்கிறார் என்று தோராயமாகச் சொல்ல இப்போது முடிகிறது. பின்தங்கியிருந்தால் துணிந்து உள்ளே நுழைவதா, முன்னணியில் இருந்தால் அடக்கமாக எல்லையை மூடுவதா என்ற முடிவை அந்த எண்ணிக்கையைக் கொண்டே எடுக்கிறேன். முன்பு அந்த முடிவை என் மனநிலை எடுத்துக்கொண்டிருந்தது.

ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. வீட்டில் எதிரே அமர ஒருவர் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். தனியாக ஆடுபவருக்கு இப்போதைக்கு இணையத்தளமே போதும். கற்களின் ஓசைக்காக மட்டும் இவ்வளவு செலவு வேண்டாம். ஏற்கெனவே பெட்டி உள்ளவர்கள், நிரலின் உதவியின்றி அடுத்த ஆட்டத்தைக் கையால் எண்ணி முடித்துப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் எண்ணும் பொறுப்பு மகளுடையது. இரண்டு கல் சலுகையுடன் ஆடத் தொடங்கியவள் இப்போது சமமாக ஆடுகிறாள்; சென்ற வாரம் 43 புள்ளிகள் எடுத்து வென்றாள், நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.